நாலு எதுக்கு?

பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றின் கதவைக் கடைத் தரையில் மல்லாக்கப் போட்டு, அதன் வெள்ளைத் தகட்டைத் தனியாக உரித்துக்கொண்டிருந்தார் போர்டுக்காரர். தகட்டுக்குப் பின்னால் இருந்த மஞ்சள் ஃபோம் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது. கத்தியை உள்ளே விட்டு நெம்பினால் பிஸ்கட் மாதிரி உடைந்து முகத்தில் தெறித்தது. கதவின் ஒரு மூலையில் எந்த வீட்டுக் குழந்தையோ ஒட்டிய வாத்து ஸ்டிக்கர். அதையும் சுரண்டிப் பார்த்தார். வாலில் பாதிதான் வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அவருக்குத் தொழில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். ஆனால் ஊரில் யாரும் அவரை ஃப்ரிட்ஜ்காரர் என்று சொல்வதில்லை. சனிக்கிழமை சாயந்திரம் ஃபுட்பால் கிரவுண்டில் ஸ்கோர் போர்டு மாட்டுகிறவர் என்பதால் போர்டுக்காரர். ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட "போர்டுக்காரர் கடை எது?" என்றுதான் கேட்டு வருவார்கள்.

தான் ஓட்டுகிற ஸ்கூல் வேனைக் கழுவி முடித்துவிட்டு, நனைந்த கையோடு டீ கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, காலங்காத்தால யார் வீட்டுக் கதவை உரிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"நாலு."

"என்ன நாலு?"

"நாலாம் நம்பர். போர்டுக்கு."

அவள் டீயைக் கொடுக்க மறந்து நின்றாள். அவளுக்கு விஷயம் முழுக்கத் தெரியும்.

கிரவுண்டின் ஒரு கோடியில் இரும்புச் சாரம். அதன் மேல் தகரக் கொட்டகை. வெளிப்பக்கம் இரண்டு கொக்கி. கோல் விழுந்தால் பழைய தகட்டைக் கழற்றிவிட்டுப் புதுத் தகட்டை மாட்டவேண்டும். எதிரணிக்குச் சிவப்புத் தகடுகள், பூஜ்யத்தில் இருந்து ஒன்பது வரை. சொந்த அணிக்கு நீலத் தகடுகள். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான். மூன்றுக்கு மேல் செய்யவே இல்லை. தலையில் முடி முழுசாக இருந்த காலத்தில் இருந்தே அவர் அந்த நாலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கிளப் தலைவருக்கு மெத்தைக் கடை. நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். அதுதான் கஷ்டம். கோபப்படவும் முடியாது. மூன்றாம் டிவிஷனில் எட்டாவது, ஒன்பதாவது இடம் வந்தால் போதும், முகமெல்லாம் மலர்ந்துவிடும். நன்றாக கோல் அடிக்கிற பையன் ஒருவன் கிடைத்தால் சீசன் முடிவதற்குள் வேறு கிளப்புக்கு அனுப்பிவிடுவார். வருஷாந்திரக் கூட்டத்தில் யாராவது எழுந்து, எப்போது மேல் டிவிஷனுக்குப் போவோம் என்று கேட்டால், "மேல போயி? ரொம்ப தூரம் பஸ்ல போய்த் தோக்கணும். இங்கேயே பக்கத்துல தோத்துட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வரலாமே" என்பார். சலூன் வைத்திருக்கும் மச்சான், மனைவியின் தம்பி, கத்தரியை ஆட்டி ஆட்டிச் சொல்வான்: "மெத்தை விக்கிறவர் கையில கிளப்பைக் குடுத்தா தூங்கத்தானே வெப்பாரு?"

போன வாரக் கூட்டத்திலும் போர்டுக்காரர் எழுந்தார். "தலைவரே, ஒரு நாலு மட்டும் செஞ்சு வெச்சுக்கலாமே."

தலைவர் சிரித்தார். "மூணே எப்பவாவதுதான்ப்பா தொங்குது. நாலு எதுக்கு?"

கூட்டமே சிரித்தது. தலைவர் சிரித்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவரோடு சேர்ந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியவர்கள். அவர்களும் எட்டாவது இடத்துக்குப் பழகிவிட்டார்கள். மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துப் பழகுகிற மாதிரி. தானும் ஒருநாள் அப்படிச் சிரித்துவிடுவோமோ என்று அன்று ராத்திரி அவருக்கு பயமே வந்துவிட்டது.

"இன்னிக்குக் கடைசி மேட்ச்" என்றார் மனைவியிடம், தகட்டைத் துடைத்தபடி. "இந்த நாலையும் கொட்டகைச் சாவியையும் தலைவர் கையில குடுத்துட்டு வந்துடப் போறேன். அவ்ளோதான். முடிஞ்சுது."

"முடிஞ்சு?"

"சனிக்கிழமை நிம்மதியாத் தூங்குவேன்."

"தூங்கறதுக்கு எதுக்கு வீட்டுக்கு வரணும்? கிரவுண்டுலயே தூங்கலாமே. அங்க எல்லாரும் அதத்தானே பண்றாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நீலப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். மனைவி டீயை ஸ்டூலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில், இந்த மனுஷன் அந்தச் சாரத்து மேல் ஏறி அப்படி எதைத்தான் பார்க்கிறார் என்று பார்க்கப் போனவள் அவள். இப்போது கிரவுண்டிலேயே பெரிய தொண்டை அவளுடையதுதான். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் சனிக்கிழமை சாயந்திரங்களில் இவர் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை. ஆனால் அதை அவள் சொல்லவில்லை. "கோட்டைக் கொஞ்சம் தடிமனாப் போடுங்க. கோபம் தெரிய வேணாமா?" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. கிரவுண்டுக்குப் போனபோது எதிரணி ஆட்கள் பஸ் நிறைய வந்து இறங்கி மேளம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். டிராவானால் போதும், அவர்கள் மேல் டிவிஷனுக்குப் போய்விடுவார்கள். நம் ஆட்களுக்கு ஜெயித்தாலும் எட்டு, தோற்றாலும் எட்டு. அதனால் தலைவர் கோச்சிடம் சொல்லி, பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் உட்காரவைத்துவிட்டார். அடிபட்டால் அடுத்த சீசனுக்கு ஆகாதாம். அவர்களுக்குப் பதில் ரிசர்வ் பையன்கள். முன்னால் நிறுத்தியிருந்தது பார்சல் டெலிவரி வேலை பார்க்கிற ஒரு ஒல்லி ஆளை. டெலிவரி முடித்து நேராக வந்ததில் ஹெல்மெட் தழும்புகூட நெற்றியில் மறையவில்லை.

போர்டுக்காரர் கொட்டகையைத் திறந்து வைத்துவிட்டு, தகட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு கேலரிக்குப் போனார். வெள்ளைப் பேன்ட் போட்டிருந்த தலைவர், நனைந்த சிமென்ட் படியில் உட்காராமல் கைக்குட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"நாலு."

"எதுக்கு?"

"வீட்ல மாட்டிக்குங்க தலைவரே. இங்க அது தேவைப்படாது. இது கொட்டகைச் சாவி. இன்னிக்கு மட்டும் போர்டு பாத்துட்டு நான் நின்னுக்கறேன்."

இதைச் சொல்லும்போது குரல் உடையக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். உடையவில்லை. தலைவர் அவர் தோளைத் தட்டி, "கோபத்துல இருக்க. அப்புறம் பேசிக்கலாம்" என்று சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டார். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் படியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.

"பரவால்லப்பா. ஈரம் ஏறல."

சாரத்து ஏணியில் ஏறும்போது கீழே வேலி ஓரம் நின்ற மச்சான் கூப்பிட்டான். "மாமா! உங்க நாலு இப்ப எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்டா. வாயை மூடு."

முதல் கோல் எதிரணிக்கு. மேளம் காதைக் கிழித்தது. அவர் சிவப்பு ஒன்றை மாட்டினார். கை தானாகப் போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் இந்தக் கொக்கியை நான் தொடவேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டார். நினைத்தபோது மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை.

அதற்கப்புறம் நடந்ததற்கு ஒரே காரணம்தான் சொல்லமுடியும். எட்டாவது இடம் போதும் என்று அந்த ரிசர்வ் பையன்களிடம் யாரும் சொல்லவில்லை. பெரிய ஆட்டக்காரர்களிடம் சொல்லியிருந்தார்கள், கோச்சிடம் சொல்லியிருந்தார்கள், எங்களிடமெல்லாம் வருஷா வருஷம் சொல்லியிருந்தார்கள். இவர்களை மறந்துவிட்டார்கள். பார்சல்காரன், மாடியில் யாரோ பார்சலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஓடினான். ஒரு பந்தையும் விடவில்லை. வெளியே போகிற பந்துக்குக்கூட வேலி வரை போய் மோதிக்கொண்டு வந்தான். இடைவேளைக்கு முன்னால் ஒன்று போட்டான். இடைவேளை முடிந்து வந்ததும் சேற்றில் சறுக்கிக்கொண்டே இன்னொன்று. அடுத்து ஒரு குள்ளப் பையன் தலையால் முட்டினான். அவன் தலைக்குப் பந்து எட்டும் என்று அவனே நம்பவில்லை, கோல் விழுந்த பிறகும் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

போர்டுக்காரர் நீல மூன்றை மாட்டினார். தூசி தட்டித்தான் மாட்ட வேண்டியிருந்தது.

கீழே இருந்து மனைவியின் குரல் கிளம்பியது. தலைவர் பேசுகிற மாதிரியே இழுத்து, "நாலு எதுக்கூ?"

சலூன் மச்சான் பதிலுக்குக் கத்தினான். "மாட்டறதுக்கு!"

மறுபடி அவள் கேட்டாள். இந்த முறை பத்துப் பேர் பதில் சொன்னார்கள். அடுத்த முறை வேலி முழுக்க. போன வாரம் கூட்டத்தில் சிரித்தவர்கள், வாளி வைத்துப் பழகியவர்கள் எல்லாரும் வேலிக் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு கத்தினார்கள். "நாலு எதுக்கு?" "மாட்டறதுக்கு!" தலைவர் கேலரியில் யாரையும் பார்க்காமல் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தது மேலிருந்து தெரிந்தது.

நாலாவது கோல் அழகான கோல் ஒன்றும் இல்லை. கார்னர் பந்து பார்சல்காரன் முழங்காலில் பட்டு, கோல்கீப்பர் முதுகில் பட்டு, சேற்றில் யோசித்து யோசித்து உருண்டு, கோட்டைத் தாண்டியது. அப்புறம் வந்த சத்தத்தில் சாரம் ஆடியது.

போர்டுக்காரர் வழக்கம்போல மூன்றைக் கழற்றினார். கழற்றிவிட்டு, அடுத்ததை எடுக்கக் கையை நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. நீலக் கொக்கி வெறுமனே தொங்கியது. இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு, கடைசியில் தன் கையால் செய்து, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"மாமா! அவங்க சிவப்பு நாலை எடுத்து மாட்டுங்க!"

"செத்தாலும் மாட்ட மாட்டேன்டா! அது தோத்த நாலு!"

மனைவி திரும்பிக் கேலரியைக் கை காட்டினாள். அவள் காட்டிய பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. தலைவர் எழுந்து நின்றார். குனிந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். தகட்டை எடுத்தார். பிறகு, இந்த ஊர் அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தார். ஓடினார். தகட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொப்பை குலுங்க, கோட்டோரமாக ஓடினார். பெயிண்ட் சரியாகக் காயாததால் வெள்ளைப் பேன்ட்டின் பின்புறம் ஒரு நீல நாலு இடவலம் மாறிப் பதிந்திருந்தது.

"தலைவரே, பின்னாடியும் ஒண்ணு இருக்கு! கழட்டிக் குடுங்க, அதையும் மாட்டிடலாம்!" என்றாள் மனைவி. எதிரணி மேளக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

தலைவர் ஏணியில் பாதி ஏறி மூச்சு வாங்கினார். போர்டுக்காரர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். தகட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா, மாட்டு."

"ஓட்டை போடல தலைவரே."

"ஏன்?"

"மாட்டறதுக்குச் செய்யல. உங்களைத் திட்டறதுக்குச் செஞ்சது."

தலைவர் அவரைப் பார்த்தார். தகட்டைப் பிடுங்கி, கொட்டகை விளிம்பில் குனிந்து, வெறும் கொக்கிக்கு நேராக இரண்டு கையாலும் தானே பிடித்துக்கொண்டார். நாலு கொஞ்சம் கலைந்துதான் இருந்தது. மூலையில் வாத்து பாதி வாலோடு நின்றது. ஆனால் கிரவுண்டின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது நாலுதான். வேலி ஓரம் ஒருவர் அழுதார். ஏன் அழுகிறார் என்று பக்கத்தில் யாரும் கேட்கவில்லை.

"இங்கேருந்து பாத்தா இப்படியா தெரியும்?" என்றார் தலைவர். அவர் அங்கே ஏறியதே இல்லை. மைதானம் முழுசும், அதற்கப்பால் பஸ் டிப்போவும், கூரைகளும், மழை விட்ட வெளிச்சமும் கீழே கிடந்தன. "இவ்ளோ பெருசா இருக்கு."

"பெருசுதான்."

"பாக்கெட்ல உன் சாவி குத்துதுப்பா. எடுத்துக்கோ. எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு."

போர்டுக்காரர் சாவியை எடுக்கக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் கீழே ஒரு கூச்சல். நடுக்கோட்டில் பந்தைப் பறித்துக்கொண்டு பார்சல்காரன் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தான். எதிரில் கோல்கீப்பரைத் தவிர ஆளில்லை. கை அந்தரத்திலேயே நின்றது.

தலைவர் தகட்டை விடவில்லை. கண் பந்தின் மேலேயே இருந்தது.

"ஏம்ப்பா" என்றார் மெதுவாக. "அஞ்சு செஞ்சு வெச்சிருக்கியா?"

கடையின் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிற பச்சை ஃப்ரிட்ஜின் கதவு போர்டுக்காரர் கண்ணில் வந்து நின்றது. கீழே, வேலிக் கம்பி மேல் ஏறி நின்று, அவரைப் பார்த்து, ஐந்து விரலையும் அகல விரித்து மனைவி கையை உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக, வேலி முழுக்க, கைகள் எழுந்தன.