அக்கா முகம் இல்லாத காலண்டர்

ஐஸ் பெட்டியின் வயரை பிளக்கில் செருகிக்கொண்டிருந்தபோது, துரைராசுவின் சட்டைப்பையில் அக்காவின் போன் அடித்தது. திரையில் 'பாசித் ஸ்டுடியோ' என்றிருந்தது.

"அக்கா, பன்னெண்டு மாசமும் ரெடி. ஒரு தடவ பாத்து ஓகே சொல்லிட்டா பிரிண்ட் போட்டுருவேன்."

"நான் அவங்க தம்பி பேசுறேன். அக்கா இன்னிக்குக் காலையில தவறிட்டாங்க."



"நேத்துக்கூட என்கிட்ட சண்ட போட்டாங்களே, சார்."

அக்கா மங்களாம்பிகை சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்தபின் தம்பி வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடந்த குடும்பத்துக்கு, ஆறு வருடமாக டிசம்பரில் மன்னார்குடி ஸ்டுடியோவில் போட்டோ காலண்டர் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒரு குடும்பப் படம். கீழே யாருக்குப் பிறந்தநாளோ அந்தத் தேதிக் கட்டத்தில் அவர்களுடைய முகம், சின்ன வட்டமாக. தீபாவளி முடிந்ததுமே போன் போட்டு எல்லாரிடமும் படம் கேட்டு நச்சரிப்பாள். "உன் மீசையப் பாத்தா ஜூன் மாசமே பயந்துரும்டா, சிரிச்ச மாதிரி ஒண்ணு அனுப்பு" என்று போன வாரம்தான் துரைராசுவிடம் சொன்னாள்.

மதியம் இறப்புப் பதிவுக்காக விவரம் எழுத வந்தவர் பிறந்த தேதி கேட்டார். துரைராசுவின் மகள் கனிமொழி ஆதார் அட்டையைப் பார்த்து, "ஒண்ணு ஆறு அறுபத்திரெண்டு" என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ரெங்கம்மாள் நிமிர்ந்தாள். துரைராசுவின் அம்மாவோடு நடவுக்குப் போனவள்.

"அது வாத்தியார் போட்ட தேதி. அப்பல்லாம் பள்ளிக்கூடத்துல சேக்குற புள்ளைங்க எல்லாத்துக்கும் அதான்."

"அப்ப அக்கா எப்பதான் பொறந்துச்சு, பெரியம்மா?"

"ஆடி மாசம். நாத்து பறிச்சுக்கிட்டு நிக்கிறோம், உங்கம்மாவுக்கு வலி வந்துருச்சு. தூக்கிக்கிட்டு ஓடுனோம். தேதிய யாரு பாத்தா?"

எழுத வந்தவர் ஆதாரில் இருந்ததையே எழுதிக்கொண்டு போனார். துரைராசு கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். கொழுந்தியாள் பேத்தி வரைக்கும் எல்லார் முகமும் இருந்தது. அக்காவின் முகம் மட்டும் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஆறு வருடமாக ஆணி அடித்து மாட்டியது அவன்தான்.

மாலை நான்கு மணிக்கு எடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை அவன் ஸ்டுடியோவுக்குப் போனான். பாசித் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"அட்டையில அக்கா படம் போட்டு, நினைவாகன்னு எழுதிரட்டுமா, சார்?"

"வேணாம். அவங்க சொன்ன மாதிரியே இருக்கட்டும். ஒரு பொறந்தநாள் மட்டும் சேக்கணும். ஆடி மாசம்."

"எந்தத் தேதி?"

துரைராசு யோசித்தான். "ஞாயித்துக்கிழமையாப் பாத்துப் போடு, தம்பி. எல்லாரும் வீட்ல இருப்பாங்க."

ஜூலை இருபத்தாறு காலியாக இருந்தது. அக்காவின் போனில் அவள் படம் தேடியெடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் கனிமொழியின் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம் ஒன்று அகப்பட்டது. நடுவில் அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாசித் அவள் முகத்தைச் சுற்றி வட்டம் வெட்டினான். தோள்மேல் நான்கு விரல்கள் மிஞ்சி நின்றன.

"பக்கத்துல நின்னவங்க கை, சார். அழிச்சுரட்டுமா?"

துரைராசு திரையருகே குனிந்து பார்த்தான். விரலில் நெளி மோதிரம்.

"இருக்கட்டும்" என்றான். மேசைமேல் இருந்த, அதே மோதிரம் போட்ட வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.