மூன்று நட்சத்திரச் சாப்பாடு

வேலணைத் தீவில் லோஜனாவின் மரக்கறிச் சாப்பாட்டுக்கடைக்கு முன்னால் நாள் முழுக்க வான் வண்டிகள் ஓடின. நயினாதீவுக் கோவிலுக்குப் போகிற வெளிநாட்டுக்காரர், கொழும்புக்காரர் எல்லாருக்கும் அதுதான் வழி. ஒரு வான்கூட நிற்கவில்லை. இப்போது சனம் மூக்கால் மணந்தா கடை தேடுகிறது? போனைத் தட்டியல்லவா தேடுகிறது! அந்தப் போனில் லோஜனாவின் கடையும் இருந்தது, ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல். கோவில் திருவிழா முடிவதற்குள் வான்கள் நிற்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு, பழையபடி கொழும்பு ஹோட்டல் குசினியில் சமைக்கவே போகவேண்டியதுதான்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, வழமையாக வருகிறவர்களிடம் கேட்டாள்.

"எங்கட கடையைப் பற்றி ஒருக்காப் போனிலை எழுதிவிடுங்கோவன்."

"அதுக்கென்ன பிள்ளை, எழுதினாப் போச்சு" என்றார் பரராசசிங்கம். மாத்தறையில் கடை நடத்திவிட்டு ஊரோடு வந்திருப்பவர். மத்தியானம் தப்பாமல் வருவார். கத்தரிக்காய்ப் பால்கறியை மூன்றாம் தரமும் கேட்டு வாங்குவார். அவர் எழுத, மற்றவர்களும் எழுதினார்கள்.

லோஜனா ஆசையோடு போனைத் திறந்தாள். அட கடவுளே! அத்தனை பேரும் மூன்று நட்சத்திரம். 'பறவாயில்லை.' 'சாப்பிடலாம்.' 'பறவாயில்லை, சோறு சூடு.'

அகப்பையும் கையுமாக வெளியே வந்தாள். "மூண்டாந்தரமும் கறி வாங்கிற ஆள் மூண்டு நட்சத்திரமோ அண்ணை போடுறது?"

"பின்னை? ஊரறிய அஞ்சு போட்டால் கண்ணூறு பட்டிடும் பிள்ளை. உம்மட கைக்கு ஒண்டும் வந்திடக்கூடாதெண்டுதான்..."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்கிற சனம் அது. தீவுக்காரர் வாயிலிருந்து 'நல்லாயிருக்கு' என்று ஒரு சொல் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. லோஜனாவுக்கும் அது தெரியாததல்ல. ஆனால் ஓடுகிற வானில் இருப்பவருக்குத் தெரியுமா? கோபமும் அழுகையும் ஒன்றாக வர, குசினிக்குள் போய் முருங்கையிலையைப் போட்டு உருவினாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு வான் நின்றது. இளம்பெண் ஒருத்தி முதலில் குதித்தாள். பின்னால் மூன்று வெள்ளைக்காரச் சிநேகிதிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"அக்கா, பறவாயில்லை எண்டு எழுதிக் கிடக்கிற கடை இதுதானே?"

லோஜனாவுக்கு முகம் கறுத்தது. "நக்கலடிக்க வந்தனீரோ?"

"ஐயோ, இல்லை அக்கா! நான் தாரிகா, நோர்வேயிலை இருந்து வந்தனான். அப்பா இந்த ஊர்தான். அம்மா சமைச்சு எத்தினை வருசம்! அப்பா ஒருநாளும் பறவாயில்லைக்கு மேலை சொன்னதில்லை, கோப்பையிலை ஒரு பருக்கை மிச்சம் விட்டதுமில்லை. இஞ்சை ஊரே பறவாயில்லை எண்டு எழுதியிருக்கு. இதைவிட நல்ல கடை இருக்க ஏலாதெண்டு இவையை இழுத்துக்கொண்டு வந்தனான்."

லோஜனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க ஓடியோடிப் பரிமாறினாள். பால்கறி, முருங்கையிலை வறை, சொதி, பொரித்த மிளகாய். சுளித்த முகங்கள் விரல் சூப்பின. தாரிகா அங்கேயே இருந்து ஐந்து நட்சத்திரம் போட்டு ஆங்கிலத்தில் எழுதினாள்: இந்த ஊரில் பறவாயில்லை என்ற சொல்லுக்கு மேல் வேறு சொல் கிடையாது, நம்பி வாருங்கள்.

"அஞ்சோ!" பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்த பரராசசிங்கம் பதறிப்போனார். எச்சில் கையைக் கழுவின கையோடு குசினிக்குள் பாய்ந்து, செத்தல் மிளகாயும் உப்பும் அள்ளி வந்து லோஜனாவின் தலையைச் சுற்றினார். பிறகு யோசித்துப் போனையும் சுற்றினார். கொண்டுபோய் அடுப்பில் போட்டாரோ இல்லையோ, கடை முழுக்க நெடி ஏறிற்று. வெள்ளைக்காரிகள் இருமினார்கள், தாரிகா இருமினாள், சுற்றிய மனிதரே கண்ணீர் வழிய இருமினார்.

"கமறுது பிள்ளை! அப்ப கண்ணூறு ஒண்டுமில்லை!" என்று அவர் கத்த, லோஜனா இருமலுக்குள்ளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு வான் வந்து வேகத்தைக் குறைத்தது. புகையைக் கண்டதும் உள்ளே இருந்தவர்கள் தயங்கினார்கள். யாழ்ப்பாணத்துச் சாரதி தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணை, இஞ்சை சாப்பாடு எப்பிடி?"

லோஜனா மூச்சைப் பிடித்துக்கொண்டு பரராசசிங்கத்தைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்தார், தொண்டையைச் செருமினார்.

"பறவாயில்லை."

சாரதி வானை நிறுத்தினான். "எல்லாரும் இறங்குங்கோ" என்றான்.