பேசாத கணினி

"பழசையே கட்டிக்கிட்டு அழாதேக்கா" என்று சொல்லி, தம்பி அக்காவின் கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினான். இணையத்தில் லினக்ஸ் பயன்படுத்துவோர் குழுவில் புதிய பதிப்புகளுக்காக எல்லோரிடமும் மல்லுக்கட்டுபவன் அவன். கண் தெரியாத அக்காவுக்குத் திரையை வாசித்துக் காட்டும் குரல் அதோடு நின்றுபோனது. மதியத்துக்குள் அவள் ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பியாக வேண்டும்.

குழுவில் கேட்டான். "அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும், பொறுங்க" என்றார்கள். அவனே பலருக்குச் சொன்ன பதில்தான்.

"என்னடா, நீயும் ஊமையாயிட்டியா?" என்றாள் அக்கா.

பழையதைத் திரும்ப நிறுவ நேரமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூலக் கட்டுரையைத் தானே உரக்க வாசிக்கத் தொடங்கினான்.

"மெதுவாடா. கம்ப்யூட்டர் இப்படி மூச்சு வாங்காது."

அவள் தட்டச்சு செய்த வரிகளையும் அவனே திருப்பி வாசித்தான். நடுவில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"அடுத்த வரி" என்றாள் அக்கா.