நண்பர் என்று வந்தவர்

ஓர் அரிசி ஆலையில் கொத்தடிமைகளாக இருந்தவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தவர் சத்யராஜ். செவ்வாய்க்கிழமை காலை மஃப்டியில் வந்த நான்கு பேர் அவரைக் காரில் ஏற்றிச் சென்றார்கள். அந்த இழுபறியில் அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது. அவர் மனைவி ஏஞ்சல் காவல் நிலையத்துக்கு ஓடினாள். "நாங்க யாரையும் இட்டுக்கினு வரலம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஒருவர் பைக்கில் வந்தார். சத்யராஜின் சென்னை நண்பர் என்றார். ஏஞ்சல் கொடுத்த தண்ணீரை அவர் குடிக்கவில்லை. கண்கள் அலமாரியையே சுற்றின. பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றது. அங்கேயும் யாரோ காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

"வாக்குமூலம் இருக்கிற பென் டிரைவை என்கிட்ட குடுத்துடும்மா. இங்க இருந்தா ஆபத்து."

"அவர் எங்க இருக்காருன்னே தெரியலையே சார்."

"நல்லாதான் இருக்காரு. கண்ணாடி உடைஞ்சதுலதான் கஷ்டப்படறாரு."

ஏஞ்சல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி உடைந்தது இவருக்கு எப்படித் தெரியும்?

"வேற கண்ணாடி ஒண்ணு இருக்குது. அவர்கிட்ட சேர்த்துடறீங்களா?"

"குடும்மா" என்று கையை நீட்டினார்.

"எங்க எடுத்துக்கினு போய்க் குடுப்பீங்க சார்?"

அவர் முகம் மாறியது. சட்டென்று எழுந்து போய் பைக்கைக் கிளப்பினார். ஏஞ்சல் ஜன்னல் வழியாக பைக் எண்ணைப் படம் எடுத்தாள்.

அது ஒரு போலீஸ்காரரின் பைக் என்று கண்டுபிடித்த வக்கீல் கிருஷ்ணவேணி, அந்த எண்ணோடு ஆட்கொணர்வு மனு போட்டார். வெள்ளிக்கிழமை சத்யராஜை மாஜிஸ்திரேட் முன் நிறுத்திய போலீஸ், அன்று காலைதான் கைது செய்ததாகச் சொன்னது. ஜாமீன் கிடைக்கவில்லை. ஆனாலும் அவரை உயிரோடு பார்த்த பிறகுதான் ஏஞ்சலுக்கு அழுகை வந்தது.