சீசன் ரூம்

கோடை விடுமுறை முடிந்து இரும்புப் பெட்டி வகுப்பறையைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. ஊசிப்போன பிரியாணி, சாராய நெடி, இரண்டுக்கும் மேல் ஏதோ சென்ட். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் இரட்டைக் கட்டில். கரும்பலகையில், ‘செக் அவுட் காலை பத்து மணி’.

மழையில் பள்ளிச் சுவர் சரிந்தபோது, ஆறே மாதத்துக்கு என்று சொல்லி லாரியில் கொண்டுவந்து இறக்கிய கன்டெய்னர் பெட்டி இது. மூன்று வருடம் ஆகிறது. பனிக்காலத்தில் தகரம் வியர்த்துப் பிள்ளைகளின் நோட்டெல்லாம் நனையும். நிரந்தரக் கட்டடம் தேவையா என்று பார்க்க அன்றுதான் இன்ஜினியர் குமரகுரு வருவதாக இருந்தது. அவர் தேவை என்று எழுதினால்தான் உண்டு.

விடுமுறையில் சாவி பெற்றோர் குழுத் தலைவர் பரமானந்தத்திடம் இருந்தது. கொடைக்கானல் பக்கம் எங்கள் பெருமாள்மலையில் லாட்ஜ் நடத்துகிறவர். கூப்பிட்டுக் கேட்டேன்.

“சும்மாதான டீச்சர் கெடந்துச்சு? சீசன்ல ஊருக்குள்ள ஒரு ரூம் கெடையாது. ஹீட்டர், கார்பெட், ஸ்கிரீன் எல்லாம் நான் போட்டதுங்க. பிள்ளைகளுக்கும் நல்லதுதான?”

வெட்கங்கெட்ட மனுஷன். அவர் ஆட்கள் கட்டிலைத் தூக்கிப் போனார்கள். பிள்ளைகள் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எவனோ எடுத்திருந்த வாந்தியை நானே அள்ளினேன். பாட்டில்களைப் பொறுக்கி எறிந்து, பினாயில் ஊற்றித் தேய்த்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

பதினோரு மணிக்கு வந்த குமரகுரு சுற்றிலும் பார்த்தார். “என்ன டீச்சர், எங்க ஆபீஸ விடப் பளபளன்னு இருக்கு!”

“சார், காலையில நீங்க பாத்திருக்கணும்...” நடந்ததையெல்லாம் கொட்டினேன். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, துருப்பிடித்து ஓட்டை விழுந்த தரையைக் காட்டினேன். அவர் குனியவே இல்லை.

“எங்க டீச்சர் வாந்தி? ஒண்ணும் காணோமே.”

‘நல்ல நிலையில் உள்ளது. புதிய கட்டடம் தற்போது தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, அவரைப் பார்க்கவென்று வந்து நின்ற பரமானந்தத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்; பேசியது எனக்கும் கேட்டது.

“பூஜை லீவுக்கு வீட்டுல கொடைக்கானல் வரணுங்கிறாங்க. இந்த ரூம் காலியாத்தான இருக்கும்?”

“வாங்க சார், உங்களுக்கு இல்லாததா? டீச்சரே வெரசா கழுவி வச்சிருவாங்க.”

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் இரண்டு பேரையும்விட, என் கைகளைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.