வார்டனம்மாவின் ஸ்கூட்டர்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று காது கிழியக் கத்துவதால் கிளட்ச் வாத்தியார் என்றே பெயர் நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் தன் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

மகள் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து விடுதியைக் காலி செய்யும் நாள் வந்தது. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அவளைக் கூட்டிவர வாத்தியாரும் மனைவியும் பயிற்சிக் காரிலேயே கிளம்பினார்கள். இடது கைப்பக்கம் உட்காருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிற வண்டி அது. வழியில் லாரி ஒன்று குறுக்கே திரும்ப, மனைவி பயந்துபோய் அந்த பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துவிட்டாள். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டான். யாருக்குப் பாடம் எடுக்கிறாய் என்று அப்போது ஆரம்பித்தவருக்குப் பல்கலைக்கழக வாசல் வந்தும் வாய் ஓயவில்லை.

விடுதியின் பின்முற்றத்தில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதே பேச்சுதான். திரும்பிப் பார்க்காமலே எடுத்தார். டக்கென்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே கண்ணாடி நொறுங்கியது. இறங்கிப் பார்த்தால், புத்தம்புது நீல ஸ்கூட்டர் ஒன்று முன்விளக்கு உடைந்து சாய்ந்து கிடந்தது. முற்றத்தில் ஈ காக்கை இல்லை.

யாருடைய வண்டி என்று கேட்கலாம் என்றாள் மனைவி. முதலில் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார் அவர். சொல்லும்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். ஆனால் கை தானாகக் கியரைப் போட்டு, காரைக் கொஞ்சம் தள்ளியிருந்த மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இருவரும் மாடி ஏறினார்கள்.

மகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாலு வருஷத்துப் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மெத்தையைச் சுருட்டி, ஒரு வாளி நிறைய செருப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வாத்தியார் பெட்டிகளுக்குக் கயிறு கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

அவர்கள் சாமான்களோடு இறங்கியபோது முற்றத்தில் சத்தம் பெரிதாக இருந்தது. ஸ்கூட்டர் வார்டனம்மாவுடையது. இடையில் விரிப்புத் துணி எடுக்க வந்த சலவைக்காரரின் வேன் பக்கத்தில் நின்றது. தான் வரும்போதே ஸ்கூட்டர் கீழே கிடந்ததாக அவர் சொல்லச் சொல்ல, வார்டனம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் நாளையிலிருந்து இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

மகள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நடுவில் போய் நின்றாள். தலையணை உறையோடு போய்விட்ட தன் மோதிரத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்த மனிதர் அவர், பொய் சொல்ல மாட்டார் என்றாள். பிறகு சட்டென்று முகம் மலர்ந்து திரும்பினாள்.

"எங்கப்பா டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், மேடம். எந்த வண்டி இடிச்சதுன்னு பார்த்தாலே சொல்லிடுவாரு. அப்பா, வந்து பாருங்கப்பா."

வாத்தியார் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஸ்கூட்டர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். வேனின் பம்பர் கார் பம்பரைவிட ஒரு சாண் உயரம். அடிபட்ட இடமோ கார் பம்பர் மட்டத்தில் இருந்தது. முந்தாநாள் சேர்ந்த மாணவன்கூடச் சொல்லிவிடுவான். அவர் தலை தூக்கி மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா," என்றார்.

சலவைக்காரர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு அள்ளிய துணிமூட்டையை விடுதிப் படியிலேயே வைத்துவிட்டு, மகளிடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லி வேனில் ஏறினார்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் மகள் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அந்த மனிதருக்கு விடுதி வேலைதான் பாதிப் பிழைப்பாம். வாத்தியார் கியரைத் தப்பாகப் போட்டு வண்டியை உறுமவிட்டார். கடைசியில் அவளே அவரைச் சமாதானப்படுத்தினாள்.

"நீங்க என்னப்பா பண்ணுவீங்க? தெரியாததைத் தெரியும்னா சொல்ல முடியும்?"

அதை அவரால் தாங்க முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டினார்.

"நான்தாம்மா இடிச்சேன்."

அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முன்னால் குனிந்து, "அம்மா, உனக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மகள் கதவைத் திறந்து இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் சாலையோரம் நின்றாள். மறுபடி ஏறியபோது சொன்னது ஒரே வார்த்தை: "திருப்புங்க."

வாத்தியார் வார்டனம்மாவிடம் நின்றபடியே நடந்ததைச் சொல்லி, ஸ்கூட்டரைச் சரிசெய்து தருவதாகவும் சொன்னார். அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெற்ற பெண் கூப்பிட்டுத்தானே குனிந்து பார்த்தீர்கள் என்று கேட்டார். வாத்தியார் தலையை ஆட்டினார். சலவைக்காரர் பழையபடி வரலாம் என்ற பேச்சை வாங்கிக்கொண்டு, விலாசம் விசாரித்துப் போனார்கள்.

சந்துக்குள் ஆவி மண்டிய ஒரு நீள அறை. சலவைக்காரர் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"தெரியும் சார். நானும் வண்டி ஓட்டுறவன்தானே? மரத்தடியில நின்ன உங்க கார் பம்பர் உயரம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அங்கேயே சொல்லல?"

"அந்தப் பொண்ணு உங்களை அவ்வளவு பெருமையாக் கூப்பிட்டுச்சு. அது முகத்துக்கு முன்னால எப்படிச் சொல்றது?"

வாசற்படியில் மகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பாமலே உள்ளே வந்து சலவைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கண்ணா," என்றாள். எந்தத் தப்பும் செய்யாத பிள்ளை கேட்ட மன்னிப்பு அது.

வீட்டுக்கு வந்தபின் நாலைந்து நாள் அவள் அப்பாவோடு நேராகப் பேசவில்லை. எதுவானாலும் அம்மா வழியாகத்தான். பட்டம் வாங்கிய பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் வாத்தியாரைப் புகழ்ந்து தள்ளியபோது, அவர் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

ஆறாம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது. ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே, "அப்பா, கார் கண்ணாடி ஏத்தியிருக்கா?" என்று கேட்டாள்.

ஏற்றியிருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுந்து, "பார்த்துட்டு வர்றேம்மா," என்று சொல்லி, குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார்.