திண்டிவனத்தில் ஒரு சூரியப் புயல்

காந்தத்தை மனிதன் அடக்கிய வரலாற்றில் திண்டிவனத்துக்கு அழியாத இடம் ஒன்று உண்டு. அந்த இடம், ஒரு பொறியியல் கல்லூரியின் பின்பக்கத்தில், கேன்டீன் கிரைண்டருக்கு அடுத்த அறை.

மின்னியல் துறைத் தலைவர் சுப்பராயலு அதை 'நம்ம ஆராய்ச்சி மையம்' என்பார். அதில் ஆராய்ச்சி செய்தவள் அன்புச்செல்வி. மோட்டார் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப் புலம் கசியும். கடலடியை ஆராயும் கப்பலில் அந்தக் கசிவு நுண்கருவிகளைக் குழப்பிவிடும். மோட்டாரைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள்களை நிறுத்தி, எதிர்ப்புலம் உண்டாக்கி, கசிவைப் பூச்சியமாக்குவதுதான் அவள் வேலை.

லேசான வேலையல்ல. ரயில் போனால் காந்தத்தை அளக்கும் கருவியின் திரையில் எண் நகரும். விக்கிரவாண்டிப் பக்கமிருந்து கம்பி லாரி வந்தாலும் நகரும். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கழித்தாள். மாவு ஆட்டும் நேரத்தை மாற்றச் சொல்லி கேன்டீன் மாஸ்டரிடம் பேசி ஜெயித்தவளும் அவளே. சுப்பராயலுவுக்கு அவள்மேல் உண்மையான மலைப்பு.

"ரூமுக்குள்ள உக்காந்துக்கினே சொல்லுது அந்தப் பொண்ணு, போற லாரி லோடா காலியான்னு" என்றார், விழுப்புரம் வீட்டில், மனைவி செண்பகத்திடம்.

"அப்ப நீங்க இன்னா பண்றீங்க?"

"நான் சூரியனப் பாத்துக்கறேன்."

காரணம் பிடிபடாமல் சில நாள் எண் திடீரென்று எகிறியது. அது பூமியின் காந்தத்தைக் கலக்கும் சூரியப் புயல் என்று கண்டுபிடித்தவர் சுப்பராயலு, கருத்தரங்கிலும் பேசிவிட்டார். அன்புச்செல்வி மறுக்கவில்லை. தூரத்து ஜன்னலோரம் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டு, "இங்க காத்தோட்டமா இருக்கும், உக்காருங்க சார்" என்றாள். என்ன மரியாதை என்று நெகிழ்ந்தார்.

அவருக்கு இடுப்புவலி. பொருட்காட்சியில் வாங்கிய, உள்ளே காந்தத் துண்டுகள் தைத்த பெல்ட்டைச் சட்டைக்குள் கட்டிக்கொள்வார். செண்பகத்துக்கும் அதே வலி, அதே பெல்ட். காந்தம் வலியைத் தீர்க்கும் என்பதை அவர் வகுப்பில் நம்பமாட்டார், வீட்டில் நம்புவார். கட்டியிருப்பதே மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்டது.

ஆராய்ச்சியைத் தொடரவிடுவதா, அறையைப் பூட்டுவதா என்று முடிவு செய்ய டெல்லியிலிருந்து குழு வந்தது. தலைவர் சக்கரபாணி சிரிக்காத மனிதர். அன்புச்செல்வி மோட்டாரை ஓட்டினாள். எண் தாறுமாறாக ஏறியது. சுருள்களுக்கு மின்சாரம் கொடுத்தாள். எண் இறங்கி, தயங்கி, பூச்சியத்தில் நின்றது. சுப்பராயலுவுக்குக் கண் கலங்கியது. அந்த வேகத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, விளக்கம் சொல்ல மோட்டார் பக்கம் வந்தார்.

எண் எகிறியது.

"இது என்னம்மா?" என்றார் சக்கரபாணி.

"சூரியப் புயல் சார். சொல்லிக்கினு வராது" என்றார் சுப்பராயலு.

அன்புச்செல்வி தரையைப் பார்த்தாள். "சார், நீங்க கொஞ்சம் காத்தோட்டமா..."

அவர் இரண்டடி பின்வாங்கினார். எண் இறங்கியது. முன்னால் வந்தார். ஏறியது.

"சூரியன் உங்க கூடவே நடக்குதே" என்றார் சக்கரபாணி.

அப்போதுதான் சுப்பராயலுவின் கை தானாக இடுப்புக்குப் போனது. ஜன்னலோர நாற்காலி எதற்கு என்பதும் அந்தக் கணமே விளங்கியது. துறைத் தலைவரின் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் எப்படிக் கேட்பாள்? இப்போதும் அவள் வாய் திறக்கப்போவதில்லை. திறக்காவிட்டால் அறைக்குப் பூட்டு.

"ஒரு போன் வருது, ஜல்தியா வந்துர்றேன்" என்று வெளியே ஓடினார். தாழ்வாரத்துக் கோடியில் அவர் அறை வாசலில் இரும்பு பீரோ. பெல்ட்டைக் கழற்றி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தார்.

மோட்டாரை ஒட்டியே நின்றார். எண் அசையவில்லை. ரயில் ஒன்று கடந்தது, அப்போதும் அசையவில்லை.

"இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்லம்மா. தொடருங்க" என்றார் சக்கரபாணி.

"புயல் அடங்கிருச்சு சார்" என்றார் சுப்பராயலு.

"ஆமா சார்" என்றாள் அன்புச்செல்வி. "இடுப்புவலி எப்படி இருக்கு?"

சுப்பராயலு குழுவைத் தேநீருக்குத் தம் அறைப்பக்கம் அழைத்துப் போனார். அறை வாசலில் எல்லோரும் நின்றார்கள். பெல்ட் இடுக்கில் விழவில்லை. பீரோவின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் இரண்டும் மாறிப்போகாமலிருக்க, செண்பகம் அதில் மார்க்கரால் 'சுப்பராயலு' என்று பெரிதாக எழுதியிருந்தார்.